மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் அக்காவுக்கு மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி உண்மையில் உதவுமா?

கேள்வி: திருச்சித் தங்கை

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு வயது 46. இடது மார்பகத்தில் இரண்டாம் நிலைப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டு, அறுவை சிகிச்சையில் மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டது. கீமோதெரபி முடிந்து இப்போது கதிர்வீச்சு நடந்துகொண்டிருக்கிறது. நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கத் தரும் டமாக்சிஃபென் மாத்திரையும் தொடங்கியாகிவிட்டது. அதைப் பல ஆண்டுகள் விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். சிகிச்சை எதிர்பார்த்தபடியே நடக்கிறது என்று மருத்துவர் சொல்லும்போதெல்லாம் தலையாட்டிவிட்டு, வீடு வந்து சேர்ந்ததும் "மறுபடியும் வந்துவிட்டால் என்ன செய்வது?" என்ற ஒரே கேள்வியில் அவர் சிக்கிக்கொள்கிறார்.

மருத்துவமனையின் சமூகப் பணியாளர், மைண்ட்ஃபுல்னஸ் என்ற தியானம் போன்ற கவனப் பயிற்சியைச் செய்து பார்க்கலாம் என்றார். கூட்டம் அதிகமிருந்ததால் அதற்குமேல் விளக்க அவருக்கு நேரமில்லை. நாங்களாகவே யூடியூபில் ஒரு தமிழ் ஒலிப்பதிவைத் தேடி எடுத்தோம். பாதத்தில் தொடங்கி உடலின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தைக் கொண்டுசெல்லச் சொல்லும் பயிற்சி அது. கவனம் மார்புப் பகுதிக்கு வந்தபோது அக்கா அழுதுகொண்டே எழுந்துவிட்டார். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவிடுவதில்லை.

இதற்கிடையில் வீட்டுக்கு வரும் உறவினர் ஒவ்வொருவரும் "நல்லதையே நினை, பயப்படாதே, மனம் தெளிவாக இருந்தால் நோய் கிட்டே வராது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அக்காவோ, தான் பயப்படுவதாலேயே நோய் திரும்பிவிடும் என்று இப்போது நம்பத் தொடங்கிவிட்டார். பயத்தோடு குற்றவுணர்ச்சியும் சேர்ந்துகொண்டது.

இந்தப் பயிற்சிக்கு உண்மையிலேயே மருத்துவ ஆதாரம் இருக்கிறதா? நோய் திரும்புவதை இது தடுக்குமா? ஒருமுறை அழுதுவிட்டவரை மறுபடியும் செய்யச் சொல்லலாமா? நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம்; இது வேறு மதத்தின் வழிபாட்டு முறையோ என்ற தயக்கமும் அக்காவுக்கு இருக்கிறது. அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: கோவை உளஆலோசகர்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். புற்றுநோயாளிகளோடும் அவர்களுடைய குடும்பத்தாரோடும் பணிபுரியும் ஆலோசகன் என்ற முறையில் எழுதுகிறேன். நோய் திரும்புவதைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை அதற்கு அடுத்தவைதான்.

நோய் திரும்புவதை மைண்ட்ஃபுல்னஸ் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதேபோல், பயப்படுவதால் நோய் திரும்பும் என்பதற்கும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை. போராடும் மனநிலை, மனம் தளர்ந்துபோதல், நோயை மறுத்தல் போன்றவை புற்றுநோயாளியின் ஆயுளையும் நோய் திரும்புவதையும் தீர்மானிக்கின்றனவா என்று ஆராய்ந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அப்படி எந்த முக்கியப் பங்கும் உறுதிப்படவில்லை என்பதே அதன் முடிவு. இதை உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள். மருத்துவரே சொன்னால் இன்னும் நல்லது. அடுத்தமுறை போகும்போது, அக்காவின் முன்னிலையிலேயே இந்தக் கேள்வியை அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். பயப்படுவதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு, அதனால் மார்பில் எதுவும் வளரப்போவதில்லை என்பதை அவர் அறிந்துகொண்டாலே பாதிப் பாரம் இறங்கும்.

இனிப் பயிற்சியைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979-இல் ஜான் கபாட்-ஜின் என்பவர், நாள்பட்ட வலியோடும் நோயோடும் வாழ்பவர்களுக்காக ஒரு வகுப்பைத் தொடங்கினார். வாரத்துக்கு ஒரு வகுப்பு வீதம் 8 வாரங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டரை மணிநேரம், இடையில் ஒரு முழுநாள் அமர்வு, அன்றாடம் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி என்பது அதன் அமைப்பு. மூச்சைக் கவனித்தல், உடலைப் பகுதி பகுதியாகக் கவனித்தல், மெதுவாக நடத்தல், எளிய யோக அசைவுகள் ஆகியவை அதில் உண்டு. பின்னர் கனடாவின் கால்கரி நகரில் லிண்டா கார்ல்சனும் மைக்கேல் ஸ்பெக்காவும் அதைப் புற்றுநோயாளிகளுக்கென்றே மாற்றி அமைத்தார்கள். மனவுளைச்சலோடு இருந்த, மார்பகப் புற்றுநோய் சிகிச்சையை முடித்த 271 பெண்களைக் கொண்டு அவர்கள் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மனம்விட்டுப் பேசும் ஆதரவுக் குழுவில் இருந்தவர்களைவிட மைண்ட்ஃபுல்னஸ் குழுவில் இருந்தவர்களுக்கு மனஅழுத்த அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சைக் காலத்திலும் அதன் பிறகும் இத்தகைய பயிற்சிகளைப் பரிந்துரைக்கலாம் என்று, அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் இணைந்து 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. எனவே அந்தச் சமூகப் பணியாளர் சொன்னது ஆதாரமுள்ள யோசனைதான்.

உறவினர்கள் சொல்லும் "நல்லதையே நினை" என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. சொல்லப்போனால் இரண்டும் எதிரெதிரானவை. இங்கே யாரும் பயத்தை விரட்டச் சொல்வதில்லை. "திரும்ப வந்துவிட்டால்?" என்ற எண்ணம் எழும்போது, அது எழுந்திருக்கிறது என்று அறிந்து, அந்த நேரத்தில் நெஞ்சு படபடப்பதையும் தொண்டை இறுகுவதையும் கவனித்து, அதோடு வாதாடாமல் மறுபடியும் மூச்சுக்கோ பாதத்துக்கோ திரும்புவதுதான் பயிற்சி. எண்ணம் மறுபடி வரும். மறுபடியும் திரும்ப வேண்டும். பலநூறு முறை இப்படித் திரும்பிய பிறகு, எண்ணம் வந்தாலும் அதன் பின்னால் இரவு முழுவதும் ஓட வேண்டியதில்லை என்று மனம் பழகிக்கொள்கிறது.

மதம் பற்றிய தயக்கம் நியாயமானது, அதை மழுப்ப நான் விரும்பவில்லை. இந்த முறையின் வேர்கள் பௌத்தத் தியானத்திலும் யோகத்திலும் இருக்கின்றன. ஆனால் மருத்துவமனைகளில் கற்பிக்கப்படும் வடிவத்தில் மந்திரமோ தெய்வ வழிபாடோ நம்பிக்கை அறிக்கையோ கிடையாது. அப்படியும் அக்காவுக்கு ஒப்பவில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். இது கட்டாயமாகச் செய்தே தீர வேண்டிய சிகிச்சை அன்று.

மறுமொழி 2: மல்லிகைத்தோட்டம்

தங்கைக்கு வணக்கம். நானும் வலது மார்பகத்தை இழந்தவள். சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஆய்வுகளைப் பற்றி ஆலோசகர் ஐயா எழுதிவிட்டார். உங்கள் அக்கா அழுதுகொண்டே எழுந்த இடத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

அந்த ஒலிப்பதிவு எல்லாருக்கும் பொதுவானது. அதைப் பேசிப் பதிவு செய்தவருக்கு, கேட்பவரின் மார்பில் தையல் தழும்பு இருக்கும் என்று தெரியாது. "இப்போது உங்கள் மார்பில் கவனத்தை வையுங்கள், அது மென்மையாக விரிவதை உணருங்கள்" என்று இனிமையான குரலில் சொல்லிக்கொண்டே போவார். அறுவைக்குப் பிறகு அந்த இடம் மரத்துப்போய் இருக்கும், அல்லது சுள்ளென்று இழுக்கும். சில நேரம் இல்லாத மார்பகம் இருப்பதைப்போலவே அரிக்கும். குளிக்கும்போதுகூட நாம் பார்க்காமல் தவிர்க்கும் இடத்தில், கண்ணை மூடி நிதானமாகக் கவனத்தை வைக்கச் சொன்னால் யாருக்குத்தான் அழுகை வராது? உங்கள் அக்காவிடம் குறை ஒன்றும் இல்லை. அவருக்குப் பொருந்தாத இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எனக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியை, தொடக்கத்தில் என்னைக் கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே போகவே விடவில்லை. உள்ளங்கால் தரையில் படுவதும், உள்ளங்கைகள் மடியில் இருப்பதும் மட்டும்தான் பாடம். மூச்சைக் கவனிக்கும்போதும் மார்பு ஏறி இறங்குவதைக் கவனிக்காமல், மூக்கு நுனியில் காற்று குளிர்ச்சியாக நுழைவதைக் கவனிக்கச் சொன்னார். அதுவும் முடியாத நாளில் ஒலிகள்: மின்விசிறி, தெருவில் போகும் காய்கறி வண்டி, பக்கத்து வீட்டு மிக்சி. கண்ணைத் திறந்துகொண்டே செய்யலாம். பத்து நிமிடம் என்பதுகூட முதலில் அதிகம்; மூன்று நிமிடம் போதும் என்றார். தழும்பிருக்கும் இடத்துக்குப் பிறகு நானாகத்தான் போனேன், அதுவும் என் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு. போகாமலேயே இருந்திருந்தாலும் பயிற்சி குறைந்துபோயிருக்காது.

எனக்கு இது பயன்பட்ட இடங்கள் உட்கார்ந்து தியானம் செய்த நேரங்கள் அல்ல. கதிர்வீச்சு அறையில் எல்லாரும் வெளியே போய்க் கதவு மூடியபிறகு, கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்து அசையாமல் தனியாகப் படுத்திருப்போமே, அங்கே பயன்பட்டது. ஆண்டுதோறும் எடுக்கும் மேமோகிராமுக்கு முந்தைய வாரத்திலும், ஸ்கேன் அறிக்கைக்காக நெகிழி நாற்காலியில் காத்திருக்கும்போதும் பயன்பட்டது. பயம் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இப்போதும் வருகிறது. வந்தாலும் சோறு சமைக்க முடிகிறது.

ஒரு முக்கியமான செய்தி. இதோடு சேர்த்து யோகாசனமும் சொல்லிக்கொடுத்தால், அறுவை நடந்த பக்கத்துக் கையில் உடல் எடையைத் தாங்கும் ஆசனங்களைப் பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் செய்ய வேண்டாம். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் கை வீங்கும் வாய்ப்பு உண்டு. அப்படி எடுத்திருக்கிறார்கள் என்பதைக் கற்பிப்பவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பத்து நாள் மௌன முகாம் போன்றவற்றுக்கு யாராவது அழைத்தாலும் சிகிச்சை முடியும்வரை போக வேண்டாம் என்பதே என் கருத்து. உடம்பு அதற்குத் தாங்காது, தனியே அத்தனை நேரம் பயத்தோடு உட்கார்ந்திருப்பதும் நல்லதில்லை.

மறுமொழி 3: பழைய கணக்கர்

வணக்கம். மருத்துவக் கல்லூரி ஒன்றில் உயிர்ப்புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். மேலே எழுதிய இருவரோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் எவ்வளவு பலன் கிடைக்கும் என்ற அளவைச் சொல்லாமல் "ஆதாரம் உண்டு" என்று மட்டும் சொன்னால், மூன்று வாரத்தில் மாற்றம் தெரியவில்லையே என்று நோயாளி தன்னையே நொந்துகொள்ள இடமுண்டு.

மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களுக்கு 8 வார மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் ஆராய்ந்து வெளியிட்டது. 14 ஆய்வுகள் கிடைத்தன. அவற்றில் 1,571 பெண்களைக் கொண்ட 10 ஆய்வுகளின் தரவுகளைத் தொகுக்க முடிந்தது. பதற்றமும் மனச்சோர்வும் சிறிதளவு குறையக்கூடும், உறக்கம் சிறிதளவு மேம்படக்கூடும், வகுப்பு முடிந்தபின் ஆறு மாதம் வரையிலும் அந்தப் பலன் தென்படுகிறது என்பதே அதன் சாரம். "சிறிதளவு" என்ற சொல்லை அவர்கள் கவனமாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆயுள் கூடுமா என்பது பற்றி அந்த ஆய்வுகளில் தரவே இல்லை. மேலும், இந்தத் துறையின் பல ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுவினர் வெறுமனே காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்கள். வாரந்தோறும் கூடி, தம்மைப்போன்ற பெண்களோடு பேசிய குழுவை, ஒன்றும் கிடைக்காத குழுவோடு ஒப்பிட்டால், பலன் தியானத்தால் வந்ததா, கூடியிருந்ததால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

இந்தக் குறையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலிஸ் உள்ளிட்ட இடங்களில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. 50 வயதுக்குள் நோய் கண்டறியப்பட்ட 247 பெண்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒன்றுக்கு மைண்ட்ஃபுல்னஸ், இன்னொன்றுக்கு நோய்க்குப் பிந்தைய வாழ்க்கை பற்றிய கல்வி, மூன்றாவதற்குக் காத்திருப்பு என்று வகுத்தார்கள். முதல் இரண்டு குழுக்களிலும் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது மைண்ட்ஃபுல்னஸ் குழுவில் மட்டும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. உறக்கமின்மை, உடற்சோர்வு, திடீரென உடம்பு சூடேறி வியர்த்தல் ஆகியவையும் அக்குழுவில் குறைந்தன. டமாக்சிஃபென் எடுப்பவர்களைப் பெரிதும் வாட்டுவது இந்தச் சூடேற்றம்தான் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். என் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது: வெறும் கல்வி வகுப்பும் முதலில் பயன் தந்திருக்கிறது. தியானம் ஒப்பாதவருக்கு வேறு வழி இல்லாமல் போய்விடவில்லை.

மனப்பயிற்சியால் ஆயுள் கூடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து பரவியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களைக் கொண்டு அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் 1989-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், ஆதரவுக் குழுவில் இருந்தவர்கள் ஏறத்தாழ இருமடங்கு காலம் வாழ்ந்ததாகத் தெரிந்தது. உலகமே வியந்தது. பின்னர் கனடாவில் 235 பெண்களைக் கொண்டு அதையே செய்து பார்த்து 2001-இல் வெளியிட்டபோது, மனவுளைச்சலும் வலியும் குறைந்தன, ஆயுள் கூடவில்லை. ஸ்பீகலே மறுபடி நடத்திய ஆய்விலும் அந்த முதல் முடிவு மொத்தத்தில் திரும்பக் கிடைக்கவில்லை. முதல் செய்தி பரவிய வேகத்தில் இரண்டாவது செய்தி பரவவில்லை. உங்கள் உறவினர்களின் பேச்சில் அந்த முதல் செய்தியின் எதிரொலி இன்னும் இருக்கிறது.

திருச்சித் தங்கை

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மல்லிகைத்தோட்டம் அம்மா எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். இடையில் நிறுத்தி, "மிக்சி சத்தத்தைக் கேட்டால் போதுமா?" என்று கேட்டார். வெகுநாளுக்குப் பிறகு அவர் குரலில் கொஞ்சம் கேலி இருந்தது.

ஆனால் ஒன்றை முன்பே எழுதாமல் விட்டுவிட்டேன். சில வாரங்களாக அக்கா விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார். சாப்பாட்டில் விருப்பமில்லை. பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் பேசுவதில்லை; "நான் இல்லாமல் இருந்தால் உங்களுக்கெல்லாம் சுமை குறையும்" என்று இரண்டொரு முறை சொல்லியிருக்கிறார். கீமோவின் களைப்பு என்றுதான் நினைத்தோம். இதற்கும் இந்தப் பயிற்சியே போதுமா?

கோவை உளஆலோசகர்

சகோதரி, போதாது. தயவுசெய்து இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

களைப்பு இருப்பவர் படுத்திருப்பார், ஆனாலும் பிள்ளைகள் வந்தால் முகம் மலரும். நீங்கள் எழுதியிருக்கும் அதிகாலை விழிப்பு, பசியின்மை, பிள்ளைகளிடத்தும் ஈடுபாடின்மை, "நான் இல்லாமல் இருந்தால்" என்ற பேச்சு ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். கதிர்வீச்சுக்காக எப்படியும் மருத்துவமனைக்குப் போகிறீர்கள். நாளைக்கே அங்குள்ள மருத்துவரிடம் இந்த நான்கையும், அக்கா சொன்ன சொற்களை மாற்றாமல், அப்படியே சொல்லி மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற சில இடங்களில் புற்றுநோயாளிகளின் உளநலத்துக்கென்றே தனித்துறை உண்டு. உங்கள் மருத்துவமனையில் அப்படி இல்லையென்றாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கும். அதுவரை அக்காவைத் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அவரிடம் நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. "ஆம்" என்றால் சந்திப்புக்காகக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவில் பேச ஆள் தேவைப்பட்டால் டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள்.

மனநல மருத்துவரைப் பார்க்கும்போது, அக்கா டமாக்சிஃபென் எடுக்கிறார் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். அந்த மாத்திரை உடலில் முழுமையாக வேலை செய்ய, கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மாற்றித் தர வேண்டும். மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளில் பராக்செடின், ஃப்ளூஆக்செடின் ஆகிய இரண்டும் அந்த நொதியைத் தடுப்பவை. அதனால் டமாக்சிஃபென் எடுப்பவர்களுக்கு வென்லாஃபாக்சின் போன்ற வேறு மருந்துகளையே மருத்துவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். அது உடம்பு சூடேறுவதையும் ஓரளவு குறைக்கும். இதை நீங்களாக முடிவு செய்ய வேண்டியதில்லை, இரு மருத்துவர்களும் தரும் மருந்துகளின் பெயர்களை ஒரே தாளில் எழுதி இருவரிடமும் காட்டினால் போதும்.

மைண்ட்ஃபுல்னஸை அதுவரை எடுத்து வைத்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆழ்ந்த மனச்சோர்வில் இருப்பவரைக் கண்மூடித் தனியே உட்காரவைப்பது சில நேரம் கசப்பான எண்ணங்களையே கூட்டும் என்பதால், இப்போதைக்கு நீண்ட பயிற்சி எதுவும் வேண்டாம். மாலையில் நீங்களும் அக்காவும் சேர்ந்து தெருமுனைவரை மெதுவாக நடந்து, பாதம் தரையில் படுவதைக் கவனித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். மருந்தோ ஆலோசனையோ பலன் தரத் தொடங்கி, உறக்கம் ஓரளவு சீரான பிறகு, புற்றுநோயாளிகளோடு பழகிய ஓர் ஆசிரியரிடம் முறையாகத் தொடங்கலாம். அத்தகையவர் ஊரில் கிடைக்காவிட்டால் இணையவழி வகுப்பும் தாழ்ந்ததன்று. நெதர்லாந்தில் புற்றுநோயாளிகள் 245 பேரைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நேரடிக் குழுவிலும் இணையவழியிலும் மனவுளைச்சல் குறைந்தது.

மனநல மருத்துவரைப் பார்த்ததும் அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள். வகுப்பைப் பற்றிய மற்றக் கேள்விகளை அதன்பிறகு பார்க்கலாம்.